நாலாவது தட்டு

அந்த பெஞ்சு வேணாம் சார், இப்படி வந்துருங்க. அதுல நாலு காலுல மூணுதான் தரையில நிக்குது. காலையிலேர்ந்து எத்தனையோ பேரு உக்காந்து அலறி எந்திரிச்சுட்டாங்க. இங்க உக்காருங்க, பைய நான் மடியில வச்சுக்கறேன். ணங்குன்னு கேட்டுச்சா? ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, தாளம்.

உள்ள காத்திருக்கறது யாரு, சம்சாரமா? பித்தப்பையில கல்லா? அட, எனக்கும் அதேதான் சார்! தை கடைசியில. இதே கதவு வழியாத்தான் என்னையும் தள்ளிட்டுப் போனாங்க. ஒண்ணும் ஆவாது, கவலைப்படாதீங்க. ஆனா முடிஞ்சப்புறம் உள்ள நடந்ததப் பத்தி அவங்க பேசிக்கறத மட்டும் காதுல வாங்கிக்காதீங்க. நான் வாங்கிட்டேன். அதுலேர்ந்து ஆறு மாசமா எனக்கு சோறு தண்ணி எறங்கல. சரி, எறங்குது, ஆனா முன்ன மாதிரி எறங்கல.

நான் தியாகேசன். தாளம் தியாகேசன்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியலயா? வெளியூரா இருப்பீங்க. நாயனம் எங்க மச்சான் அபிராமசுந்தரம், என் சம்சாரம் தையல்நாயகியோட அண்ணன். அவருதான் இப்ப உள்ள இருக்காரு. குடலிறக்கம். நாப்பது வருசம் அடிவயித்துலேர்ந்து மூச்ச எடுத்து ஊதினா குடல் எறங்காம என்ன பண்ணும்? ஆடி மாசம், முகூர்த்தம் கெடையாது, இப்ப அறுத்துக்கிட்டா ஆவணிக்கு ஊதிடலாம்னு கணக்குப் போட்டு வந்திருக்காரு.

பதினோரு மணிக்கு உள்ள போனாரு. பன்னண்டரைக்கு வந்துடும்னாங்க. இப்ப மணி என்ன சார்? ஒண்ணு இருவதா? ம்.

பைக்குள்ள இருக்கறத ஜால்ரான்னு சொல்லிடாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். ஜால்ரா அரசியல்ல போடறது. இது தாளம். முப்பத்திரெண்டு வருசமா போடறேன். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எட்டும் எட்டு எடத்துல விழணும். நாயனக்காரரு எங்க வேணா சுத்தட்டும், தவுல்காரரு வானத்துல பறக்கட்டும், ரெண்டு பேரும் வந்து எறங்கறதுக்கு ஒரு எடம் வேணுமா இல்லியா? அந்த எடம் நான். ஆனா கல்யாண ஆல்பத்தப் பாருங்க, மச்சான் முழுசா இருப்பாரு, தவுல் முழுசா இருக்கும், என்னோடது ஒரு கை மட்டும் இருக்கும். சில போட்டோவுல அதுவும் இருக்காது.

சரி, விசயத்துக்கு வரேன். எனக்கு ஆப்பரேசன் முடிஞ்ச மறுநாள். வார்டுல படுத்திருக்கேன். மச்சான் ஆர்லிக்ஸ் பாட்டிலோட பாக்க வந்திருக்காரு. அப்பன்னு பாத்து மயக்க டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வராங்க. ஜெசிந்தான்னு பேரு, காரைக்கால் பக்கம். சின்ன உருவம், மூக்குக்கண்ணாடி. அவங்க பின்னாடி டெக்னீசியன் பஷீரு. பஷீரு என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே சொல்றான், "மேடம், இவருதானே அந்த நாலாவது தட்டு விழாத கேஸு?"

சார், நீங்களே சொல்லுங்க. ஒரு வக்கீலப் பாத்து இவருதானே சட்டம் தெரியாதவருன்னு சொல்லலாமா? ஒரு தட்டாரப் பாத்து இவருதானே தங்கத்துக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியாதவருன்னு சொல்லலாமா? எனக்கு வயித்துல தையலு, சத்தம் போட முடியல. "என்ன சொன்னீங்க?"ன்னு மட்டும் கேட்டேன்.

அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. மயக்க மருந்து தூங்க வைக்கறதுக்கு, அது தனியாம். சதையத் தளத்தறதுக்கு இன்னொரு மருந்து இருக்காம். அதக் குடுத்தா உடம்புல ஒரு சதையும் அசையாது. மூச்சு விடற சதையும் சேத்து. தொண்டையில குழாய விட்டு மூச்ச மிசினு விடுமாம். எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த மருந்து உடம்ப விட்டுப் போயிடுச்சான்னு பாக்கணும்ல? அதுக்கு மணிக்கட்டுல ரெண்டு பிளாஸ்திரி மாதிரி ஒட்டி, வயரு மாட்டி, நரம்புல லேசா கரண்ட்டு குடுக்கறாங்க. நாலு தட்டு. டக், டக், டக், டக். ஒவ்வொரு தட்டுக்கும் கட்ட விரல் ஒரு தடவ துடிக்கணும். நாலும் விழணும், நாலும் ஒரே அளவா விழணும். மருந்து இருந்தா நாலாவதுதான் மொதல்ல காணாமப் போகும், வரும்போதும் அதுதான் கடைசியா வரும்.

"உங்களுக்கு மூணுதான் வந்துச்சு அய்யா. நாலாவது லேசுல வரல. நாப்பது நிமிசம் காத்திருந்து, அது வந்தப்புறம்தான் குழாய எடுத்தோம்"னாங்க.

மூணு. எனக்கு. நாப்பது நிமிசமா.

மச்சான் ஆர்லிக்ஸ் பாட்டில கீழ வச்சாரு. வச்சுட்டு சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு, வார்டே திரும்பிப் பாத்துச்சு. "மாப்ள, மயக்கத்துலயும் விட்டுட்டியா?"

"யும்"னாரு சார். கவனிச்சீங்களா? மயக்கத்துல"யும்". அந்த யும் எதுக்குன்னா, பதினோரு வருசத்துக்கு முன்னாடி பூந்தோட்டத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ள அழைப்பு. மச்சான் ராகம் முடிச்சு பல்லவி எடுக்கறாரு, எட்டுல ஒரு தட்டு விழல. ஒரே ஒரு தட்டு. ஒரு கொசு சார், சரியா கண்ணு எமையில வந்து உக்காந்துச்சு. மனுசன் கொசுவ ஓட்டறதா, தாளம் போடறதா? அத இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாரு. பொண்ணு கேட்டு வந்தவங்க முன்னாடி சொல்றாரு, சாவு வீட்ல சொல்றாரு.

நான் அந்தம்மாகிட்ட எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "அம்மா, மூணு விழுந்துச்சுன்னா நான் திஸ்ரத்துக்குப் போயிருப்பேன். மூணு மூணா எண்ணறதுக்கு அப்படித்தான் பேரு. விட்டதா அர்த்தமில்ல"ன்னேன். "ஆப்பரேசன் நடுவுல ஒரு மணி நேரம் ஒண்ணுமே விழலயே அண்ணே"ன்னான் பஷீரு. "தட்டாம நிறுத்திப் புடிக்கறது, அதுக்குப் பேரு கார்வை, எழுதிக்க"ன்னேன். அந்தம்மா மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாங்க. "இது உங்க கையில இல்ல அய்யா, மருந்து கையில இருக்கு. நாலாவது வராம குழாய எடுத்திருந்தா முழிப்பு வந்திருக்கும், எல்லாம் காதுல கேக்கும், ஆனா மூச்சு இழுக்க நெஞ்சு எந்திரிக்காது"ன்னாங்க. அது சரிம்மா, அது வைத்தியம். நான் மானத்தப் பத்திப் பேசறேன்.

உங்க சம்சாரத்துக்கு ஒண்ணும் ஆவாது சார், மொகத்த ஏன் அப்படி வச்சுக்கறீங்க? அவங்க தாளம் போடறவங்களா? இல்லல்ல? அப்ப எத்தன விழுந்தா என்ன.

டிஸ்சார்ச் அன்னிக்கு முறையெல்லாம் சரியாத்தான் பண்ணினோம். அறுத்த பெரிய டாக்டருக்கு மச்சான் பொன்னாடை போத்தினாரு, ஒரு சீப்பு பழம், மாலை. போட்டோ எடுத்தோம். அந்தம்மாவும் ஓரமா நின்னாங்க, போட்டோவுல பாதி தோளுதான் விழுந்திருக்கு. மயக்க டாக்டருக்கெல்லாம் யாரு பொன்னாடை போத்தறா?

அப்புறம்தான் சார் கூத்து. மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு சீட்டுல எழுதிட்டாங்க. மச்சான் அதப் புடிச்சுக்கிட்டாரு. "நீ ஓய்வெடு மாப்ள, திருவிழாவ நான் பாத்துக்கறேன்"னாரு. தாளம் என்னா வெயிட்டு? நீங்களே தூக்கிப் பாருங்க. என் சம்சாரம் தோசக்கரண்டி இதவிட வெயிட்டு. மாசித் திருவிழாவுக்கு என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. யாரு தாளம் போட்டதுன்னு நெனக்கிறீங்க? போனு! போனுல ஏதோ ஒண்ண ஏத்தி, அத ஸ்பீக்கர்ல சொருகி, அது பாட்டுக்கு டிங்கு டிங்குன்னு அடிக்குது. பங்குனி உத்திரத்துக்கும் போனு. சித்திரையில முகூர்த்தத்துக்கும் போனு. போனுக்கு சாப்பாடு போட வேணாம், வேட்டி எடுக்க வேணாம், கொசு கடிக்காது.

வீட்ல உக்காந்திருக்கேன் சார். தையல்நாயகி எதுத்தாப்ல உக்காந்து கீரை ஆயறா. மேளச் சத்தம் காத்துல வருது. கையி துடைமேல தானாப் போடுது. அந்த போனவிட நான் சரியாத்தான் போட்டேன். யாருகிட்ட சொல்றது? முப்பத்திரெண்டு வருசம் கூடவே நின்னவன ஒரு போனுக்காக உக்கார வச்சுட்டாரேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு. அழுதேன். கீரைய எடுத்துக்கிட்டு அவ உள்ள போயிட்டா.

நேரா கேட்டுட்டேன். "மச்சான், நான் வரலாமா கூடாதா?" அவரு நாயனத்துல சொருகற சீவாளிய வாயில வச்சு நனச்சுக்கிட்டே, "நாலும் விழுதுன்னு அந்த டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வா மாப்ள"ன்னாரு. வெளையாட்டுக்குச் சொன்னாருன்னு தையல்நாயகி சொல்றா. இருக்கட்டுமே. நான் வெளையாடல.

இங்க வந்து டோக்கன் போட்டு உக்காந்தேன். பதினேழாம் நம்பர். அந்தம்மா என்ன வயித்து வலியான்னு கேட்டாங்க. இல்லம்மா, சர்ட்டிபிகேட்டுன்னேன். அப்புறம் ஃபைல எடுத்து, தமிழ்லயே எழுதிக் குடுத்தாங்க, கையெழுத்து அச்சு மாதிரி. நான்கு துடிப்புகளும் திரும்ப வந்தன, நாலாவது துடிப்பு முதல் துடிப்பில் தொண்ணூற்றைந்து சதவீதம். சீல் வச்சு, தேதி போட்டு. மார்க்கு வாங்கின புள்ள மாதிரி ஓடினேன். மச்சான் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிச்சாரு. படிச்சுட்டு, "அஞ்சு குறையுதே மாப்ள"ன்னாரு.

மறுநா திரும்பவும் டோக்கன். "தொண்ணூறு இருந்தாலே மூச்சுக்குப் போதும் அய்யா"ங்கறாங்க. "மூச்சுக்குப் போதும்மா, ஆதி தாளத்துக்குப் போதுமா? அன்னிக்கு நான் மயக்கத்துல இருந்தேன். முழிச்சிருக்கும்போது ஒரு தடவ பாத்துருங்க"ன்னேன். "வலிக்கும்"னாங்க. வலிக்கட்டும்னேன். வெளிய இருவது பேரு நிக்கறாங்க, நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. கடைசியில பஷீரக் கூப்புட்டு மிசினக் கொண்டாரச் சொன்னாங்க.

சார், மருந்து இல்லாம அந்தத் தட்டு வாங்கிப் பாருங்க! அய்யய்யோ, மணிக்கட்டுல கட்டெறும்பு கூட்டமா ஏறின மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதுக்கு நான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். விழுந்துச்சு பாருங்க! பஷீரு பொட்டியப் பாக்கறான், அந்தம்மாவப் பாக்கறான். நூத்தி நாலு! மொதல் தட்டவிட நாலாவது பெருசு. முழிச்சிருந்தா இந்த மிசினு சில சமயம் அப்படிக் காட்டும், அதுக்கு அர்த்தம் கெடையாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. தொண்ணூத்தஞ்சுக்கு அர்த்தம் இருக்கும், நூத்தி நாலுக்கு மட்டும் இருக்காதா? எழுதுங்கம்மான்னேன். எழுதினாங்க பாவம்.

மச்சான்கிட்ட நீட்டினேன். தையல்நாயகி, தவுல்காரரு, எல்லாரும் இருக்காங்க. நூத்தி நாலு. மச்சான் நெத்தியச் சுருக்கிப் படிச்சாரு. படிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா?

"நாலு ஜாஸ்தியா இருக்கே மாப்ள. அப்ப தாளத்த ஓட்றியா நீயி?"

கொறஞ்சா விட்டுட்டான், கூடுனா ஓட்றான். இப்படி ஒரு ஆளு கூட எப்படி சார் பொழைக்கறது? அன்னிலேர்ந்து பேச்சு வார்த்தை கெடையாது. மூணு மாசம். தையல்நாயகிதான் நடுவுல தந்தி மாதிரி. "உங்க அண்ணன்கிட்ட சொல்லு", "உம் புருசன்கிட்ட சொல்லு".

அப்புறம் போன வாரம் அவரே வீட்டுக்கு வந்தாரு. வாசல்லயே நிக்கறாரு. வயித்தக் கையால புடிச்சிருக்காரு. "மாப்ள, ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சுட்டாங்க"ன்னாரு. நான் தலையாட்டினேன். போகாம நிக்கறாரு. அப்புறம் மெதுவா, "அந்த டாக்டரம்மாதானே மயக்கம் குடுப்பாங்க?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி. நாலும் விழுந்தப்புறம் குழாய எடுக்கச் சொல்லு. நான் மூச்ச வச்சு சோறு திங்கறவன்."

சிரிக்கல சார் அவரு. பத்தாயிரம் பேரு கூட்டத்துலயும் அசராத மனுசன். எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் இல்ல.

காலையில அந்தம்மா உள்ள போகும்போது வழிய மறிச்சு சொன்னேன். "எங்க மச்சான் நாயனம். நாலும் விழணும்மா." "நீங்க சொல்லணுமா அய்யா, எனக்குத் தெரியாதா"ன்னு சிரிச்சுட்டுப் போனாங்க. போனையும் சட்டையையும் என்கிட்ட குடுத்துட்டுத்தான் மச்சான் உள்ள போனாரு. இந்தப் பையிலதான் கெடக்கு அந்த போனு. தாளம் போடறத அழிச்சுடலாம்னு பாத்தேன், பூட்டு தெறக்கத் தெரியல.

இருங்க சார், கதவு தெறக்குது. பஷீரு! எப்பா பஷீரு! என்னாச்சு?

…

மூணுதானாம் சார். இன்னும் மூணுதானாம். அரை மணி நேரமா மூணுலயே நிக்குதாம்.

எனக்கு இப்ப சிரிப்பு வரணும். ஆறு மாசம் என்னை வாட்டி எடுத்த மனுசனுக்கு மூணு. "மச்சான், மயக்கத்துல நீயும் விட்டுட்டியா?"ன்னு கேக்கறதுக்கு ஆறு மாசமா வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வரமாட்டேங்குது சார். அந்தப் பெரிய டாக்டரப் பாத்தீங்களா, சித்த முன்னாடி கார் சாவிய ஆட்டிக்கிட்டு நம்மளத் தாண்டிப் போனாரே? அறுத்து முடிச்சாச்சு, சாப்பிடப் போறாரு. அந்தம்மா போகலியாம். "மேடம் அவரு கையப் புடிச்சுக்கிட்டே நிக்கறாங்க அண்ணே. அடுத்த கேசு லேட்டாவுதுன்னு ரெண்டு தடவ ஆளு வந்துட்டாங்க, நாலாவது வராம நகர மாட்டேன்னுட்டாங்க"ங்கறான்.

எனக்கும் அப்படித்தானே நின்னிருப்பாங்க? நாப்பது நிமிசம். பசியோட. அத நான் ஒரு அவமானமா எடுத்துக்கிட்டு டோக்கன் போட்டுப் போயி சண்டை புடிச்சிருக்கேன். ஒரு வணக்கம்கூட வைக்கல சார் நான்.

அடுத்த கேசுன்னா உங்க சம்சாரம்தானே? லேட்டாவட்டும் சார். கோச்சுக்காதீங்க, கையெடுத்துக் கும்புடறேன், அவசரப்படுத்திடாதீங்க. நாலாவது வரட்டும். உங்க சம்சாரத்துக்கும் இதே அம்மாதான் நிப்பாங்க.

எட்டுல ஒரு தட்டு விழலன்னா என்ன ஆயிடும், குடியா முழுகிடும்னு எத்தன தடவ அவருகிட்ட எகிறியிருக்கேன் தெரியுமா? இப்ப பாருங்க, நாலுல ஒண்ணு விழலன்னு உசிரு ஊசலாடுது. சார், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ, நான் யாரோ. பூந்தோட்டத்துல கொசு கெடையாது. தூங்கிட்டேன். மொத நாளு ராத்திரி கண்ணு முழிப்பு, அவரு ராகம் அவ்வளவு நல்லா இருந்துச்சு, நின்னபடியே தூங்கிட்டேன். ஒரே ஒரு தட்டுக்குத்தான். அவருக்குத் தெரியும். எல்லார்கிட்டயும் தாளத்த விட்டுட்டான்னுதான் சொல்லுவாரு, தூங்கிட்டான்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

மணி என்ன? ஒண்ணே முக்காலா?

என்ன சத்தம்னு கேக்கறீங்களா? நான்தான் சார். துடையில போடறேன். நாலு போடறேன். உள்ள கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அவரு வந்து எறங்கறதுக்கு ஒரு எடம் வேணும்ல.

கதவு! அந்தம்மாவே வராங்க சார். எந்திரிங்க, எந்திரிங்க. அம்மா! என்னம்மா? வெரலக் காட்டறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு… நாலு! நாலு சார்! நாலும் விழுந்துடுச்சு! அவரா மூச்சு விடறாராம்மா? தானாவா? தானா விடறாராம் சார்!

அம்மா, ஒண்ணே ஒண்ணு, கோச்சுக்காதீங்க. நாலாவது எத்தன பர்சன்ட்டு?

தொண்ணூத்தி ரெண்டா?

தொண்ணூத்தி ரெண்டு! எனக்குத் தொண்ணூத்தஞ்சு! சார், கேட்டுக்கிட்டீங்கல்ல, நீங்கதான் சாட்சி! அழல சார் நான், ஏசி கண்ணுல அடிக்குது. அம்மா, நில்லுங்க, எங்க போறீங்க? என்கிட்ட பொன்னாடை ஒண்ணும் இல்ல, இந்தத் துண்டுதான் இருக்கு, தொவச்சதுதான், குனிங்க. குனிங்கம்மா. சார், அவரு போன எடுத்து ஒரு போட்டோ எடுங்களேன்… அய்யோ, பூட்டு. சரி விடுங்க.

தள்ளிட்டு வராங்க. பெஞ்சுல வச்ச அந்தப் பையக் குடுங்க சார் சீக்கிரம். மச்சான்! மச்சான், நான்தான், தியாகேசன். கேக்குதா? நூறுக்கு எட்டு குறையுது மச்சான் உனக்கு. கவலைப்படாத. அந்த எட்ட நான் போட்டுக்கறேன்.